சராசரிக்குத் தப்பிய பதினோரு பாக்கெட்டுகள்

அத்தியாயம் 6

துப்பறியும் நிபுணர் சுப்பராயலு குற்றவாளியைக் கண்டுபிடித்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பதினேழு மணி நேரம் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். பதினெட்டாவது மணி நேரத்தில் கீதா வந்து ஆபீஸ் கதவைத் திறந்தாள்.

நிபுணர் என்பது அவரே போட்டுக்கொண்ட பட்டம். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, 'ராயலு துப்பறியும் நிறுவனம்' என்று ஒரு பலகை தொங்கியது. எழுதியவருக்கு இடம் போதாமல் 'நிறுவனம்' மட்டும் பொடி எழுத்தில் போய்விட்டது. அளவைப் பார்த்தால் அதுவும் சரிதான். நிறுவனத்தில் இருந்தது அவரும் உதவியாளர் கீதாவும் மட்டுமே. ஐந்து வருடத்தில் விசாரித்த மாப்பிள்ளைகள் நாற்பது பேர். தேடிய நாய்கள் ஒன்பது. அவற்றில் எட்டு தானாகவே வீடு திரும்பின. ஒன்பதாவதைப் பற்றி அவர் பேச விரும்புவதில்லை.

"இன்னா சார், காலங்காத்தால கண்ணாடிய பாத்து சிரிச்சிகினு கீறீங்க?"

"நேத்து ஃபாக்டரியில பேசினதை நினைச்சுப் பார்த்தேன் கீதா. எப்படி இருந்தது?"

"சூப்பரா இருந்திச்சு சார். தப்பா இருந்திச்சே தவிர, சூப்பரா இருந்திச்சு."

சுப்பராயலு சீப்பைக் கீழே வைத்தார்.

கேஸ் இதுதான். முடிச்சூர் சாலையில், ஒரு காலத்தில் தங்கள் குடும்பம் நெல் பயிரிட்ட இடத்திலேயே, லோகநாயகி அம்மாள் ஒரு தொழிற்சாலை நடத்தினார். பெயர் அன்னலோகம் ஃபுட்ஸ். வெண்பொங்கலையும் சாம்பார் சாதத்தையும் தடித்த பாக்கெட்டில் அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு ராட்சத இரும்புக் குக்கருக்குள் அறுநூறு அறுநூறாக அடுக்கி, நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கிருமி எல்லாம் செத்துவிடும். பிறகு ஆறு மாதத்துக்கு ஃபிரிட்ஜ் இல்லாமலே பாக்கெட் கெடாது. கேளம்பாக்கத்து ஐ.டி. பையன்கள் வெந்நீரில் போட்டுப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் பதினொன்று கடை அலமாரியிலேயே உப்பிவிட்டன. கேளம்பாக்கத்தில் நான்கு, கீழ்க்கட்டளையில் ஐந்து, மேடவாக்கத்தில் இரண்டு. உப்பினால் உள்ளே கிருமி பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். நல்லவேளையாக யாரும் வாயில் வைக்கவில்லை. திங்கட்கிழமை லோகநாயகி அம்மாள் சுப்பராயலுவைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, கேஸைக் கொடுத்து, "வெறுங்கையோட போகாதீங்க" என்று ஒரு பொங்கல் பாக்கெட்டையும் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை சுப்பராயலு எல்லோரையும் கூட்டி வைத்து நாற்பது நிமிடம் பேசினார். பதினோரு பாக்கெட்டிலும் அச்சடித்த தேதியைப் பாருங்கள், எல்லாம் போன ஏழு வாரத்தின் வெள்ளிக்கிழமைகள், எல்லாம் குக்கரின் முதல் லோடு, எல்லாம் வெண்பொங்கல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் பூஜையில் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் குக்கர் பக்கத்தில் தனியாக இருப்பது யார்? பாய்லர் ஆபரேட்டர் ஜெபசீலன். குக்கர் ஓடும் நேரத்தைக் குறைத்துத் துரோகம் செய்தது அவரே! இப்படி முடித்துவிட்டு, கைதட்டலுக்காக ஒரு நொடி இடைவெளி கூட விட்டார்.

கைதட்டல் வரவில்லை. லோகநாயகி அம்மாளின் கொழுந்தனும் மேனேஜருமான சக்திவேல் மட்டும், "நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு போலீஸ்ல கம்ப்ளெயிண்ட்" என்றார்.

"எது தப்பு?" என்றார் சுப்பராயலு இப்போது. குரலில் நேற்றைய கம்பீரம் பாதி இறங்கியிருந்தது.

"எங்க வூட்டு குக்கர்ல ஒரு விசில் கொறஞ்சா மொத்த சோறும் நறுக்கு நறுக்குன்னு கீது. அஞ்சு பருக்க மட்டும் தனியா வேவாம நிக்குமா? அந்தாளு நேரத்த கொறச்சிருந்தா அறுநூறு பாக்கெட்டும் உப்பிருக்கணும் சார். ஏழு வெள்ளிக்கெழமைக்கு நாலாயிரத்து இருநூறு. மீதி நாலாயிரத்து நூத்தி எம்பத்தொம்போது எங்க?"

சுப்பராயலு சீப்பை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"நாப்பது நிமிஷத்துல நீங்க எங்க சார் மூச்சு விட்டீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி. எட்டு மணி நேரத்தில் ஒரு மனிதன் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படப் போகிறது. எழுதப்போவது சக்திவேல் என்றாலும், பெயரை எடுத்துக் கொடுத்தவர் இவர். காலையில் எதுவும் சாப்பிடாதது கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவசரமாகத் தோள்பையை எடுத்தார். குடை, பூதக்கண்ணாடி, கேஸ் ஃபைல் எல்லாம் திணித்த பை. ஜிப் பாதியில் நின்றது. இழுத்தார். நின்றது.

"தாம்பரம் மார்க்கெட்ல வாங்கின பை. ஒரு மாசம் கூடத் தாங்கல" என்று அலுத்துக்கொண்டு, அப்படியே மாட்டிக்கொண்டு, கீதாவின் ஸ்கூட்டி பின்சீட்டில் ஏறினார். லைசென்ஸ் டெஸ்டில் அவர் இரண்டு முறை தோற்றவர். இரண்டாவது முறை எட்டுப் போடுகையில் மூன்று போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

*

ஜெபசீலன் தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. காக்கிச் சட்டை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. வேலை கிடையாது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வந்துவிட்டார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் சுப்பராயலு. கேட்ட பிறகு தனக்கே கூச்சமாக இருந்தது.

"வீட்ல இன்னும் சொல்லல சார். ஒம்போது மணிக்குக் கெளம்பலைன்னா கேப்பாங்க."

அவர் மடியில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. வட்ட வட்டமான காகிதங்கள். குக்கரில் ஒரு பேனா முள் இருக்கிறது, வேகும் நேரம் முழுக்க உள்ளே எவ்வளவு சூடு என்று அதுவே அந்தக் காகிதத்தில் கோடு போடும். ஏழு வெள்ளிக்கிழமைக்கும் கோடு நூற்று இருபத்தொன்றில் ஏறி, முப்பத்தைந்து நிமிடம் நின்று, இறங்கியிருந்தது.

"இது நீங்க கையால போட்டதுன்னு சக்திவேல் சொல்றார்."

"என் கையால ஒரு நேர்கோடு போட வராது சார். வட்டமா எப்படிப் போடுவேன்?"

"பூஜை நேரத்துல ஏன் போறதில்ல?"

"பாய்லர்ல பிரஷர் ஏறிட்டிருக்கும். அத விட்டுட்டு நகரக் கூடாது. லைசென்ஸ் குடுக்கும்போது சொல்ற மொதல் பாடமே அதான்." அவர் காகிதங்களை அடுக்கினார். "கேஸ்னு ஒண்ணு விழுந்தா இனிமே எந்தக் கம்பெனியிலயும் பாய்லர் பக்கத்துல விட மாட்டாங்க. இருபத்தாறு வருஷமா எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று சுப்பராயலு நினைத்தார். அவர் அந்த மனிதரின் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்தார்.

*

உள்ளே, பாக்கெட் நிரப்பும் கூடத்தில் கீதா ஒரு தராசு முன் நின்று விளையாடிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டை வைத்தால் எண் வரும். முந்நூறு கிராமுக்குக் குறைந்தால் 'கீ' என்று கத்தும்.

"சார், இது கொறஞ்சா கத்துது. கூட இருந்தா கத்தல."

"கூட இருந்தா எவன் கம்ப்ளெயிண்ட் பண்ணப் போறான்?" என்றார் அங்கே வந்த சக்திவேல். "கஸ்டமருக்கு லாபம்தானே. சார், அஞ்சு மணிக்கு நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும். நேத்து பேசின மாதிரியே அங்கயும் பேசணும்."

"கொஞ்சம் சுருக்கமாகப் பேசலாம்னு பார்க்கிறேன்" என்றார் சுப்பராயலு. "அந்தப் பதினொண்ணையும் இன்னொரு தடவை பார்க்கலாமா?"

சக்திவேல் பீரோவைத் திறந்து கொடுத்தார். நான்கு நாட்களாகச் சுப்பராயலு அந்தப் பாக்கெட்டுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்திருந்தார், வெளிச்சத்தில் பார்த்திருந்தார், தலைகீழாகப் பார்த்திருந்தார், எடை மட்டும் போட்டதில்லை. கீதா ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள்.

முந்நூற்று எழுபத்தாறு.

அடுத்தது முந்நூற்று எண்பத்தொன்று. அதற்கடுத்தது முந்நூற்று எழுபது. பதினொன்றும் அப்படியே. அலமாரியில் இருந்து நல்ல பாக்கெட் பத்தை எடுத்து வைத்தார்கள். முந்நூற்று மூன்று, முந்நூற்று ஐந்து, முந்நூற்று இரண்டு.

"காத்து அடைச்சதால எடை கூடியிருக்குமோ?" என்றார் சுப்பராயலு.

கீதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பலூன் ஊதுனா வெயிட்டு எம்பது கிராம் ஏறுமா சார்? உள்ளாற பொங்கலே ஜாஸ்தி."

*

குக்கர் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் கேஷவ். சேலையூரில் இருந்து வந்து போகும் இளம் இன்ஜினியர். மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். நேற்று சுப்பராயலு பேசியபோது அவன்தான் ஒரே ஒருமுறை தலையாட்டினான். அதற்காக அவர் அவன்மேல் தனி மரியாதை வைத்திருந்தார்.

"என் மாடல் பெர்ஃபெக்ட் சார்" என்றான். "ஒரு பாக்கெட்டோட சராசரி கனம், உள்ளே போகும்போது சராசரி சூடு, எல்லாம் கொடுத்திருக்கேன். முப்பத்தஞ்சு நிமிஷத்துல நடுப்பகுதி வரைக்கும் சூடு போயிடும். கிருமி காலி."

"சராசரி பாக்கெட்டுன்னா எது தம்பி? இதுல ஒண்ண எடுத்துக் காட்டு" என்றாள் கீதா.

"அது ஒரு கணக்கு மேடம். கையில எடுக்க முடியாது."

"எங்க தெருவுக்கு சராசரியா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணி வருதுன்னு ஆபீஸர் எழுதி வெச்சிகீறாரு. மொத வூட்ல மூணு மணி நேரம் வருது. கடசி வூடு எங்க வூடு. கொடத்த வெச்சிகினு நிக்கறேன், சராசரியே வா வான்னு. இன்னிக்கி வரிக்கும் வரல."

கேஷவின் காது சிவந்தது. ஆனால் அவன் நல்ல பையன். கோபத்தை விழுங்கிவிட்டு யோசித்தான். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"சரி, சராசரியை விட்டுடறேன். ஒரு லட்சம் கற்பனை பாக்கெட் எடுத்துக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கிப் போடும். கனம் கொஞ்சம் கூட, குறைய. ஆரம்பச் சூடு கூட, குறைய. குக்கர்ல வெச்ச இடம் ஓரம், நடு."

"இடத்துக்கு என்ன?" என்றார் சுப்பராயலு.

"இந்த மிஷின்ல நடுத்தட்டோட மத்திக்குத்தான் நீராவி கடைசியாப் போகும். சாம்பார் சாதம் தளர்வா இருக்கு, உள்ளேயே புரண்டு சீக்கிரம் சூடாயிடும். பொங்கல் கெட்டி. வெளியில இருந்து அங்குலம் அங்குலமாத்தான் சூடு நகரும். கனமான பாக்கெட்டுன்னா நேரம் ரொம்ப ஜாஸ்தியாகும்."

அவன் பொத்தானை அமுக்கினான். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் கொட்டின. கீதா காப்பி குடித்து முடிக்கும்வரை கொட்டின. கடைசியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, ஓர் ஓரத்தில்.

"இது கெட்டுப்போனது. ஏன்னு பாருங்க. கனம் ஜாஸ்தி, உள்ளே போகும்போதே ஜில்லுன்னு இருந்திருக்கு, வெச்ச இடம் மத்தி. இதுல ஏதாவது ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டு இருந்தாக்கூடத் தப்பிச்சிடும். மூணும் ஒரே பாக்கெட்ல சேரணும். லட்சத்துல ஒண்ணு. நடக்கவே நடக்காது சார்."

"நமக்குப் பதினொண்ணு நடந்திருக்கே."

"அதான் புரியல."

கீதா தம்ளரைக் கீழே வைத்தாள். "லட்சத்துல ஒண்ணு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கரீட்டா வந்துகினே இருந்தா அது குலுக்கல் இல்ல தம்பி. யாரோ சீட்ட கையிலயே வெச்சிகினு போடறாங்க."

கீழே மணி அடித்தது. இன்று வெள்ளிக்கிழமை. பத்து மணி பூஜை.

*

நிரப்பும் கூடத்தின் கிழக்குச் சுவரில் அம்மன் படம். அதற்கு முன்னால் தலைவாழை இலை. இலையில் இன்றைய முதல் பாத்திரத்துப் பொங்கல், ஒரு குட்டிக் குன்று அளவுக்கு. நாற்பது ஊழியர்களும் கைகூப்பி நின்றார்கள். லோகநாயகி அம்மாள் கற்பூரம் காட்டினார். இது அவருடைய ஒன்பது வெள்ளிக்கிழமை வேண்டுதல். தொழில் தலையெடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. ஏழு முடிந்து இன்று எட்டாவது.

அவர் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. பாட்டு இரண்டு, பிறகு கண்மூடி ஒரு நீண்ட பிரார்த்தனை. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. சுப்பராயலுவும் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா தாயே, ஐந்து மணிக்குள் ஒரு குற்றவாளியைக் காட்டு, இந்த முறை சரியான ஆளாகக் காட்டு என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு பெண் படையலில் இருந்து எடுத்த தட்டோடு வந்து அவர் உள்ளங்கையில் ஒரு உருண்டைப் பொங்கல் வைத்தாள். நேற்று இரவிலிருந்து பட்டினி. அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆறிப்போயிருக்கே" என்றார், வாய் நிறைய.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் மேஜைகளில் பெண்கள் பாக்கெட்டில் அள்ளிப் போடும் பொங்கலில் ஆவி பறந்தது. வாயில் இருந்ததில் துளி சூடு இல்லை. மூளை நான்கு நாளாகச் செய்யாத வேலையை வயிறு ஒரு நொடியில் செய்துவிட்டது. அவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை.

"சார்" என்று கீதா அவர் முழங்கையைக் கிள்ளினாள். "அங்க பாருங்க."

லோகநாயகி அம்மாள் படையல் இலை முன் உட்கார்ந்து, ஒரு பெரிய கரண்டியை எடுத்தார். காலி பாக்கெட் ஒன்றை விரித்தார். ஒரு கரண்டி போட்டார். இன்னொரு கரண்டி. பக்கத்தில் இருந்த பெண், "போதும்மா" என்றாள்.

"அம்மனுக்குப் படைச்சத அளந்து போடக் கூடாதுடி. வாங்கிச் சாப்புடற புள்ள வயிறு ரொம்ப வேணாமா?" என்று இன்னும் அரைக் கரண்டி போட்டு அமுக்கினார்.

அந்தப் பெண் ஒட்டுவதற்கு முன் தராசில் வைத்தாள். தராசு கத்தவில்லை. இப்படி ஐந்து பாக்கெட். லோகநாயகி அம்மாள் ஐந்தையும் தட்டில் ஏந்தி, குக்கர் பக்கம் போனார். ஜெபசீலனுக்குப் பதிலாக ஆள் மத்தியானம்தான் வருவார் என்பதால் குக்கர் திறந்தே இருந்தது. தட்டுகள் பாதி அடுக்கி வைத்திருந்தன. நடுத்தட்டின் நட்டநடுவில் ஐந்து பாக்கெட் அளவுக்கு இடம் காலியாக விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் அவர் ஐந்தையும் பூப்போல வைத்தார். "நடுவுல வெச்சாத்தான் அம்மன் அருள் சுத்தி இருக்கற எல்லாத்துக்கும் போய்ச் சேரும்" என்றார்.

கனம். ஜில். மத்தி. சுப்பராயலு விரல்விட்டு எண்ணினார். மூன்றுக்கு மேல் விரல் தேவைப்படவில்லை.

வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஜெபசீலனைக் குற்றவாளி என்று சொல்ல நேற்று நாற்பது நிமிடம் வார்த்தைகள் அருவியாகக் கொட்டின. இன்று கேஸைக் கொடுத்த அம்மாளின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. பயமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது.

"சொல்லுங்க சார்" என்றாள் கீதா மெதுவாக. "நேத்து மைக்கே இல்லாம ரோடு வரிக்கும் கேட்டுச்சு."

"அம்மா" என்றார் சுப்பராயலு. "அந்த அஞ்சு பாக்கெட்டையும் வெளியில எடுங்க."

*

சக்திவேல் குதித்தார். "பிரசாதத்தையா சந்தேகப்படறீங்க? நேத்து ஒருத்தர், இன்னிக்கு எங்க அண்ணியா? நாளைக்கு என்ன, அம்மனையே கூண்டுல ஏத்துவீங்களா?"

"கேஷவ், அளந்து பாருப்பா" என்றார் சுப்பராயலு. அவர் பேசியதிலேயே மிகச் சுருக்கமான வாக்கியம் அது.

கேஷவ் பாக்கெட்டில் ஊசி வெப்பமானியைக் குத்தினான். மற்ற பாக்கெட்டில் அறுபத்து நான்கு டிகிரி. இதில் முப்பத்து மூன்று. எடை முந்நூற்று எழுபத்தெட்டு. இடம் மத்தி. மூன்று எண்களையும் லேப்டாப்பில் போட்டான். ஐந்து புள்ளிகள் வந்தன. ஐந்தும் சிவப்பு.

"முப்பத்தஞ்சு நிமிஷம் பத்தாது" என்றான். "நான் சராசரியை மட்டும் பார்த்தேன். யாராவது அன்பா ரெண்டு கரண்டி கூடப் போடுவாங்கன்னு நினைக்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

லோகநாயகி அம்மாள் அங்கே கிடந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

"நானா?" என்றார். "அஞ்சு பேராச்சும் வயிறார சாப்புடட்டும்னுதானே போட்டேன். என் கையாலயா?" கரண்டியை மூட்டைமேல் வைத்தார். பிறகு கேஷவை நிமிர்ந்து பார்த்தார். "உப்பிப்போனத யாரும் திங்க மாட்டாங்க. உப்பாமலே உள்ள கெட்டுப் போயிருக்குமா தம்பி?"

"இருக்கலாம்மா. அதுதான் ஆபத்து. வெளியில தெரியாது. சாப்பிட்டா உயிருக்கே..."



"ஏழு வாரம், வாரத்துக்கு அஞ்சு. முப்பத்தஞ்சு" என்றார் அம்மாள். "திரும்பி வந்தது பதினொண்ணு. மீதி இருபத்து நாலு வெளியில கீது." எழுந்தார். "சக்தி, அந்தக் கம்ப்ளெயிண்ட்ட கிழிச்சிப் போடு. செல்போன எடு. நான் பேசறத வீடியோ புடி. வெள்ளிக்கிழமை மொதல் லோடு பொங்கல் யார் வூட்ல இருந்தாலும் தொடாதீங்கன்னு சொல்லப் போறேன்."

"அண்ணி, கம்பெனி பேர் போயிடும்! மிஷின் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"பேரு நான் வெச்சதுதானே? போனா வேற வெச்சிக்கலாம். மிஷின் மேல பழி போட்டா அப்புறம் அத ஓட்டுன மனுஷன் மேலதானே போய் நிக்கும்? அவரக் கூப்புடு."

ஜெபசீலன் உள்ளே வந்தார். நாற்பது பேர் முன்னால் லோகநாயகி அம்மாள் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கடைசியில், "என் தப்புக்கு உங்கள வெளியில ஒக்கார வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பினார்.

ஜெபசீலன் பதறிப்போய் அவரும் கைகூப்பினார். "வேண்டுதல நிறுத்திடாதீங்கம்மா. இன்னும் ஒரு வாரந்தான் பாக்கி. பிரசாதத்த எங்க கையில குடுத்துடுங்க, நாங்க சாப்பிடறோம். குக்கர் எதுக்கு அத சாப்பிடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே அம்மாளும் சிரித்தார். இப்போது சுப்பராயலுவின் முறை. அவர் தொண்டையைச் செருமினார். கீதா மணி பார்த்தாள்.

"ஜெபசீலன், நான் நேத்து சொன்னது தப்பு. தப்புன்னு மட்டும் சொன்னாப் போதாது. உங்க வாழ்க்கையை வெச்சு நான் நல்லாப் பேசிப் பார்த்துட்டேன். எனக்கு வெட்கமா இருக்கு."

ஜெபசீலன் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார். "நேத்து நீங்க பேசினப்போ ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார், நான்தான் பண்ணிட்டேனோன்னு. அவ்வளவு நல்லா பேசினீங்க" என்றார். சொல்லிவிட்டுப் பாய்லர் பக்கம் போய்விட்டார்.

இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம் என்று சுப்பராயலுவுக்குத் தோன்றியது.

"இருபத்து நாலையும் கடை கடையாத் தேடணும்" என்று அவர் பேச்சை மாற்றினார். "கேளம்பாக்கத்துல ஆரம்பிக்கலாம்."

"இருபத்து மூணு சார்" என்றார் லோகநாயகி அம்மாள். முகம் திடீரென்று வெளிறியிருந்தது. "போன வெள்ளிக்கிழமை போட்டதுல ஒண்ணு, யாராச்சும் நல்ல மனுஷங்க வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். திங்கக்கிழமை அத உங்ககிட்டதானே குடுத்தேன். சாப்பிட்டீங்களா?"

சுப்பராயலு தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். கீதாவும் பார்த்தாள். காலையில் பாதியில் நின்ற ஜிப் இப்போது கால்வாசிக்கு வந்திருந்தது.

அவர் இரண்டு விரலால் அதைத் திறந்தார். குடையைத் தள்ளிக்கொண்டு, பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியில் எழும்பும் பூரி மாதிரி அது மேலே வந்தது. பன்னிரண்டாவது பாக்கெட். நாலு நாளாக ஊர் முழுக்கத் தடயம் தேடியவரின் முதுகிலேயே அது சவாரி செய்திருக்கிறது.

"மார்க்கெட் பை சார், ஒரு மாசம் கூடத் தாங்கல" என்றாள் கீதா. கிண்டல்தான், ஆனால் அவள் சிரிக்கவில்லை. "காலைல பசின்னு இத பிரிச்சி தின்னிருந்தா இன்னா சார் ஆயிருக்கும்?"

"மறந்துட்டேன் கீதா. பையில இருந்ததே மறந்துபோச்சு."

"ஒங்க மறதி இருக்கற வரிக்கும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார்."

கேஷவ் கையுறை மாட்டிக்கொண்டு பாக்கெட்டை வாங்கிப் போனான். அந்தப் பக்கம் லோகநாயகி அம்மாள் செல்போன் முன் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வெளியே ஸ்கூட்டி உறுமியது. இருபத்து மூன்று வீடுகள் எங்கோ இருந்தன. யாரோ ஒருவர் இந்த நிமிடம் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கலாம். சுப்பராயலு ஓடினார், தன் வயதுக்கு ஓடக்கூடிய அளவு.

பின்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து, ஜிப்பை இழுத்தார். அது சுலபமாக மூடிக்கொண்டது.